சந்தா கட்டுவது பத்துப் பேர், ஒப்பந்தம் காப்பது தொண்ணூற்றெட்டுப் பேரை! தெரியுமா?

பிரான்சில் நூறு தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்து, "உங்களில் யாரெல்லாம் தொழிற்சங்க உறுப்பினர்?" என்று கேட்டால் பத்துப் பேர்தான் கை தூக்குவார்கள். "சரி, சங்கம் போட்ட ஒப்பந்தப்படி சம்பளமும் விடுப்பும் வேலை நேரமும் யாருக்கெல்லாம் கிடைக்கின்றன?" என்று அடுத்துக் கேளுங்கள். தொண்ணூற்றெட்டுக் கைகள் உயரும்! இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய் அதே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். உறுப்பினர்கள்? அங்கேயும் பத்துப் பேர். ஒப்பந்தத்தின் கீழ் வருபவர்கள்? பதினோரு பேர்!

உறுப்பினர் கணக்கு இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்றில் ஏறக்குறைய ஊருக்கே கூரை இருக்கிறது, இன்னொன்றில் பெரும்பாலும் சந்தா கட்டியவர் தலைக்கு மேல்தான். "தொழிற்சங்கம் தேய்கிறது" என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே, அது சொல்வது உறுப்பினர் கணக்கை மட்டும்தான். பாதிக் கணக்கு! ஒப்பந்தம் எத்தனை பேரைத் தொடுகிறது என்ற மறுபாதியில்தான் உண்மையான ஆச்சரியங்கள் இருக்கின்றன.

பிரான்சில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? அங்கே ஒப்பந்தம் கம்பெனி கம்பெனியாக மட்டும் போடப்படுவதில்லை, தொழில் தொழிலாகப் போடப்படுகிறது. ரொட்டிக் கடைகளுக்கு ஒன்று, கட்டுமானத்துக்கு ஒன்று, ஓட்டல்களுக்கு ஒன்று. முதலாளிகளின் சங்கமும் தொழிலாளர்களின் சங்கமும் கையெழுத்திட்ட பிறகு, தொழிலாளர் அமைச்சகம் ஓர் ஆணை போட்டு அந்த ஒப்பந்தத்தை அந்தத் தொழில் முழுவதற்கும் நீட்டிவிடும். கையெழுத்துப் போடாத கடைக்காரரும் அதன்படிதான் நடக்க வேண்டும். அதுவும் போதாதென்று, 2008-இல் வந்த சட்டப்படி ஒரு சங்கத்துக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இடம் உண்டா இல்லையா என்பதைத் தொழிலாளர்களின் ஓட்டுதான் தீர்மானிக்கிறது. உறுப்பினர் அல்லாதவரும் அதில் ஓட்டுப் போடலாம். ஒரு நிறுவனத்தில் நூற்றுக்குப் பத்து ஓட்டாவது வாங்கினால்தான் அங்கே சங்கத்துக்கு அந்த இடம்!

ஆஸ்திரியாவின் வழி இன்னும் விசித்திரம். அங்கே நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அளவில்தான் சங்கத்தில் இருக்கிறார்கள். ஒப்பந்தமோ அங்கேயும் தொண்ணூற்றெட்டுப் பேர் வரை எட்டுகிறது. ரகசியம் முதலாளிகள் பக்கம் இருக்கிறது. தனியார் தொழில் நடத்தும் அநேகமாக எல்லோரும் பொருளாதார சபை என்ற அமைப்பில் கட்டாயம் உறுப்பினராக வேண்டும். அந்தச் சபை கையெழுத்திட்டால் அத்தனை முதலாளிகளும் கையெழுத்திட்ட மாதிரிதான். தொழிலாளி சேர்கிறாரா என்று எல்லா நாடுகளும் எண்ணிக்கொண்டிருக்க, ஆஸ்திரியா முதலாளியைச் சேர்த்துவிட்டது!

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சங்கம் வளர்ந்த வேகமும் பெரியது, தேய்ந்த வேகமும் பெரியது. 1935 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாக்னர் சட்டத்தில் கையெழுத்திட்டார். சங்கம் சேரும் உரிமையும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் தனியார் துறைத் தொழிலாளிக்குச் சட்டப்படி உறுதியாயின. ஆனால் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளிலும் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர்கள். அந்த ஓட்டையை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சட்டம் வந்த மறு ஆண்டின் கடைசியில், 1936 டிசம்பர் 30 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகவில்லை! ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே நின்றால்தானே வேறு ஆட்களை உள்ளே விட்டு வேலை வாங்க முடியும்? உறைபனிக் காலத்தில் 44 நாள் உள்ளேயே உண்டு, உறங்கி, முறை வைத்துக் காவல் காத்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியபோது, ஆலையில் குவிந்து கிடந்த கார்க் கதவுக் கீல்களை எடுத்து எறிந்து விரட்டினார்கள். வெளியே பெண்கள் தனிப்படை கட்டினார்கள். இன்னொரு ஆலையில் புகை சூழ்ந்தபோது தடிகளால் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து, உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிட வழி செய்தது அந்தப் படைதான். ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி துருப்புகளை வரவழைத்தார். ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அவர்களை ஏவ மறுத்துவிட்டார். 1937 பிப்ரவரி 11 அன்று நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது. அதன் பிறகு என்ன ஆனது தெரியுமா? சுமார் 30,000 பேர் இருந்த வாகனத் தொழிலாளர் சங்கம் ஒரே ஆண்டில் 5 லட்சம் பேராகப் பெருகியது!

1950-களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூவரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்றைய முறையில் கணக்கெடுக்கத் தொடங்கிய 1983-இல் அது ஐவரில் ஒருவர்: 20.1 சதவீதம், 1 கோடியே 77 லட்சம் பேர். 2024-இல் 9.9 சதவீதம், 1 கோடியே 43 லட்சம் பேர். நாட்டில் வேலை செய்பவர்கள் எண்ணிக்கை பல கோடி கூடியும் சங்கத்தில் இருப்பவர்கள் 34 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள்!

அந்த 9.9-ஐப் பிரித்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். அரசுத் துறையில் 32.2 சதவீதம், தனியார் துறையில் 5.9 சதவீதம். ஒரே நாட்டுக்குள் இரண்டு நாடுகள்! தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர் என்றால் சங்கத்தில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓட்டலிலோ வங்கியிலோ வேலை என்றால் அநேகமாக இல்லை. 2009-இல்தான் முதன்முறையாக அரசுத் துறை உறுப்பினர்கள் எண்ணிக்கையிலேயே தனியார் துறையைத் தாண்டினார்கள். சுரங்கமும் எஃகும் கார் ஆலையும் பெற்றெடுத்த இயக்கத்தை இன்று பெருமளவுக்குத் தாங்கி நிற்பவர்கள் வகுப்பறையிலும் மாநகராட்சி அலுவலகத்திலும் இருப்பவர்கள்.

ஆண், பெண் கணக்கு இன்னொரு அதிசயம். 1983-இல் ஆண்களில் 24.7 சதவீதம், பெண்களில் 14.6 சதவீதம். இடைவெளி பத்துப் புள்ளிக்கு மேல். 2024-இல் 10.2, 9.5. இடைவெளி 0.7! ஆண்கள் இருந்த ஆலைகள் மூடின, பெண்கள் இருந்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் வளர்ந்தன. பிரிட்டனில் கதை ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களின் விகிதம்தான் அதிகம்.

மாநிலத்துக்கு மாநிலம் என்ன வித்தியாசம் என்கிறீர்கள்? 2024-இல் வட கரோலினாவில் 2.4 சதவீதம், ஹவாயில் 26.5 சதவீதம். பதினோரு மடங்கு! பசிபிக்கின் நடுவே கிடக்கும் அந்தத் தீவுகளில் மட்டும் ஏன் இப்படி? அது கரும்புத் தோட்டங்களின் கதை. தோட்ட முதலாளிகள் ஜப்பானியர், பிலிப்பினோ, போர்த்துக்கீசியர் என்று இனம் இனமாக ஆள் எடுத்து, தனித்தனி லயங்களில் குடிவைத்தார்கள். ஓர் இனம் வேலைநிறுத்தம் செய்தால் இன்னொரு இனத்தைக் கொண்டு வேலையை ஓட்டினார்கள். 1909-இல் ஜப்பானியர் தனியாக எழுந்தார்கள், தோற்றார்கள். 1946-இல் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் எல்லா இனமும் ஒன்றாக, சுமார் 26,000 பேர், 79 நாள் நின்றார்கள். வென்றார்கள்! இன்று அந்தத் தோட்டங்களில் கரும்பு இல்லை, மாநிலத்தின் கடைசிச் சர்க்கரை ஆலையும் 2016-இல் நின்றுவிட்டது. ஆனால் சங்கம் சேரும் வழக்கம் மட்டும் நிற்கவே இல்லை!

அடுத்தது, கேட்டால் நம்பவே முடியாத ஒன்று. அமெரிக்கத் தொழிற்சங்கங்களுக்குப் பேரடி கொடுத்த ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், தானே ஒரு தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர்! ஹாலிவுட் திரை நடிகர் சங்கத்தின் தலைவர். 1960-இல் அவர் தலைமையில்தான் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்கும்போது நடிகருக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டு, ஓய்வூதியமும் மருத்துவத் திட்டமும் பெற்றார்கள். அப்போது எழுத்தாளர்களும் கூடவே வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் மறுபடி ஒரே நேரத்தில் வேலையை நிறுத்த 2023 வரை, 63 ஆண்டுகள் ஆயின!

அதே ரீகன் 1981 ஆகஸ்டில் ஜனாதிபதி. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகஸ்ட் 3 அன்று வேலையை நிறுத்தினார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை போகும் என்றார். திரும்பாத 11,345 பேரையும் நீக்கினார். அந்தச் சங்கம் முந்தைய ஆண்டுத் தேர்தலில் யாரை ஆதரித்தது தெரியுமா? ரீகனை! அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது உண்மை. ஆனால் அந்த ஒரு நாள் தனியார் முதலாளிகளுக்கும் பாதை காட்டிவிட்டது. பெரிய வேலைநிறுத்தங்களின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டிலேயே சரிந்து விழுந்தது.

சட்டமும் மெல்ல அரித்தது. அமெரிக்க முறைப்படி, ஓர் ஆலையில் பெரும்பான்மை ஓட்டில் சங்கம் வென்றால் அது அங்குள்ள எல்லோருக்காகவும் பேச வேண்டும். உறுப்பினர் அல்லாதவருக்கும் அதே சம்பளம், அதே பாதுகாப்பு. அவருக்குப் பணிநீக்க நோட்டீஸ் வந்தால் சங்கம்தான் வாதாட வேண்டும். அப்படியானால் அவரும் செலவில் பங்கு தர வேண்டாமா? 1947-இல் ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி நிறைவேறிய டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், பங்கு தரக் கட்டாயம் இல்லை என்று மாநிலங்கள் தனிச்சட்டம் போட வழி திறந்தது. இன்று 26 மாநிலங்களில் அந்தச் சட்டம் உண்டு. 2018-இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு ஊழியர்களுக்கும் அதையே விதியாக்கியது. பக்கத்திலிருக்கும் கனடா இதே கேள்விக்கு நேர்மாறாகப் பதில் சொன்னது. 1945-இல் வின்ட்சரில் நடந்த ஃபோர்டு வேலைநிறுத்தத்தை விசாரித்த நீதிபதி ஐவன் ராண்ட், மறு ஆண்டு தந்த தீர்ப்பு இது: சங்கத்தில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம், ஆனால் ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கிறவர் எல்லோரும் சந்தா கட்டுங்கள். இன்று கனடாவில் நூற்றுக்கு முப்பது பேர் சங்கத்தில் இருக்கிறார்கள், அமெரிக்காவைப் போல மூன்று மடங்கு! எல்லாமே ராண்டால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அவர் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, அதுவும் முன்வரிசையில்! 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். ஆலை நிர்வாகம் வாடியா மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்தியதற்காகத் தலைவர்கள் நஷ்ட ஈடு கட்ட நேருமா என்ற அதிர்ச்சி நாடெங்கும் பரவியது. அதிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது!

ஆலை வாசலில் நின்று கேட்டால் "பன்னிரண்டு மூணு போட்டாச்சு" என்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் வந்த 12(3) ஒப்பந்தம் அது, தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் போடப்பட்டது. அதன் அருமை என்ன தெரியுமா? அது அந்த ஆலையில் இருந்த எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தியது. எந்தச் சங்கத்தில் இருந்தாலும் சரி, எதிலும் இல்லாவிட்டாலும் சரி. நாளை வேலைக்குச் சேரப்போகிறவருக்கும் அதுதான்! அதிகாரி இல்லாமல் இரு தரப்பும் தனியே போட்டுக்கொண்ட 18(1) ஒப்பந்தமோ கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டியது. பிரான்ஸ் ஒரு தொழில் முழுக்க விரித்த கூரையை, நம் சட்டம் ஓர் ஆலை அளவில் விரித்திருந்தது.

சங்கத்தில் சேருவது ஏன் ஒரு நாட்டில் வழக்கமாகவும் இன்னொரு நாட்டில் துணிச்சலாகவும் இருக்கிறது? 1901-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரம் ஒரு வேலை செய்தது. வேலையிழந்தவர்களுக்குச் சங்கங்கள் கொடுத்துவந்த உதவித்தொகையோடு நகராட்சிப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த முறை வடக்கே பரவியது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் வேலையின்மைக் காப்பு நிதியைச் சங்கங்களே நடத்தும் வழக்கம் வந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் நிதியில் சேர்வார்கள், கூடவே சங்கத்திலும் சேர்வார்கள். 1990-களின் நடுவில் ஸ்வீடனில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் உறுப்பினர்கள்! 2007-இல் அரசு நிதியின் கட்டணத்தை உயர்த்தியதும் என்ன ஆனது? 2006-இல் 77 சதவீதமாக இருந்தது 2008-இல் 71-க்கு இறங்கிவிட்டது. இரண்டே ஆண்டு! இஸ்ரேலில் இதைவிடப் பெரிய சரிவு. ஹிஸ்தத்ருத் என்னும் பெருஞ்சங்கத்தில் இருந்தால்தான் அதன் மருத்துவக் காப்பில் இருக்க முடியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1995-இல் மருத்துவக் காப்பு எல்லோருக்கும் பொது என்று சட்டம் வந்ததும் உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

ஆனால் ஸ்வீடனில் ஒன்றைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் குறைந்தும், ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர்கள் இன்னமும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் இருக்கிறார்கள்! அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது. எல்லாம் ஒப்பந்தம்தான். அதனால்தான் 2023 அக்டோபர் 27 அன்று டெஸ்லாவின் பழுதுபார்ப்புப் பணிமனை மெக்கானிக்குகள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடு என்று வேலையை நிறுத்தியபோது நாடே கூட நின்றது. மெக்கானிக்குகள் மொத்தமே நூற்றைம்பதுக்குள். துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். தபால்காரர்கள் அதன் புதிய கார்களுக்கான நம்பர் பிளேட்டுகளைக் கொண்டு தர மறுத்தார்கள். டென்மார்க், நார்வே சங்கங்களும் சேர்ந்துகொண்டன. வேலைநிறுத்தம் ஓராண்டையும் தாண்டிப் போனது!

ஒப்பந்தம் காகிதத்தில் எட்டாதவரைக்கூடத் தொடும் என்பதற்கு அமெரிக்காவிலேயே அண்மைச் சாட்சி உண்டு. 2023 இலையுதிர் காலத்தில் வாகனத் தொழிலாளர் சங்கம் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெலான்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்து, நாலரை ஆண்டுகளில் 25 சதவீத ஊதிய உயர்வு வாங்கியது. சில வாரங்களுக்குள், சங்கமே இல்லாத டொயோட்டாவும் ஹோண்டாவும் ஹூண்டாயும் தங்கள் அமெரிக்க ஆலைகளில் தாமாகவே சம்பளத்தை உயர்த்தின! அங்கே யாரும் சந்தா கட்டவில்லை, யாரும் கொடி பிடிக்கவில்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் ஒப்பந்தத்தின் கீழ் வருபவர்களாக எண்ணப்படவும் இல்லை.

இவ்வளவு தேய்ந்த நாட்டில் மக்கள் சங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? காலப் நிறுவனத்தின் 2022 கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் சங்கங்களை ஆதரித்தார்கள். 1965-க்குப் பிறகு அவ்வளவு உயர்ந்த ஆதரவு கிடைத்ததே இல்லை! எழுபது பேர் விரும்புகிறார்கள், பத்துப் பேர் இருக்கிறார்கள். நடுவே நிற்பது என்ன? முப்பது சதவீதம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பிறகு தேர்தல், அதற்குள் நிர்வாகத்தின் எதிர்ப்பிரசாரம். சங்கம் சேர்த்ததற்காக ஒருவரை நீக்கினால்கூட வாக்னர் சட்டத்தில் அபராதம் இல்லை, இழந்த நாள்களின் சம்பளம்தான். வென்ற பிறகும் முதல் ஒப்பந்தம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆவது வாடிக்கை. 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்தில் ஒரு ஸ்டார்பக்ஸ் காபிக் கடை ஊழியர்கள் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான கடைகள் அப்படியே செய்தன. 2024 முடியும்போதும் ஒரு கடைக்குக்கூட ஒப்பந்தம் வந்திருக்கவில்லை.

டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரத்தில் ஃபோக்ஸ்வாகன் ஆலைத் தொழிலாளர்கள் 2014-இல் ஓட்டுப் போட்டார்கள், சங்கம் தோற்றது. 2019-இல் மறுபடி போட்டார்கள், மறுபடி தோல்வி. 2024 ஏப்ரலில் மூன்றாம் முறை. ஆதரவாக 2,628, எதிராக 985! தெற்கு மாநிலங்களில் வெளிநாட்டுக் கார் ஆலை ஒன்றில் வாகனத் தொழிலாளர் சங்கம் அப்படி வென்றது அதுவே முதல் முறை. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 985 பேருக்காகவும் இனிச் சங்கம்தான் பேச வேண்டும். டென்னசிச் சட்டப்படி அவர்கள் ஒரு டாலர்கூடச் சந்தா கட்ட வேண்டியதில்லை.